மயிலாவுக்கு ஒரு மைக்

மஞ்சள் பையைக் கண்ணாடி மேஜை மேல் வைத்ததும் ஐசக் தம்பியின் முகம் வாடிவிட்டது.

“திரும்பவுமா அண்ணாச்சி?”

“திரும்பவுந்தானுங்க. இதுலயும் கொர்ருன்னு சத்தம் வருது. நீங்க மாத்திக் குடுத்ததும் டேமேஜ் பீஸ்தான்.”

கோயமுத்தூர் காந்திபுரத்தில், மாடியில் இருக்கும் கடை அது. கீழே கேமரா, மேலே மைக், ஸ்பீக்கர், கீபோர்டு. தரையெல்லாம் கம்பளம். உள்ளே நுழைந்தால் யாரோ காதைப் பொத்திவிட்ட மாதிரி இருக்கும். ஐசக்குக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர், பொறுமைசாலி. அவருடைய பொறுமையை நான்தான் அந்த மாதம் முழுக்கத் தின்றுகொண்டிருந்தேன்.

மைக்கை எடுத்து லேப்டாப்பில் சொருகினார். ஏதோ பேசிப் பதிவு செய்து, போட்டுக் காட்டினார். கழுவி வைத்த டம்ளர் போலச் சுத்தமாக இருந்தது.

“கேட்டீயளா? மைக்ல ஒண்ணும் இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன்லா, உங்க வீட்லதான் ஏதோ சத்தம் கெடக்கு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்கூட்ல என்னுங்க சத்தம்? நானும் எங்கூட்டுக்காரியும் ரெண்டே பேரு. அவளும் இப்பவெல்லாம் அதிகமாப் பேசறதில்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஐசக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவிநாசி ரோட்டில் பாலம் வேலை, பஸ் ஊர்ந்துதான் வந்தது, வழி நெடுக நின்றுகொண்டே வந்திருந்தேன். உட்கார்ந்தேன்.

கழுத்தில் ஒரு கட்டி

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு மயிலாவைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாத்தாள் என் மனைவி. பொங்கலூரில் பிறந்து அனுப்பர்பாளையத்தில் எனக்கு வாக்கப்பட்டவள். போன வாரம் அவளுடைய சமையலைப் பற்றி நான் எழுதியதற்காக மூன்று நாள் ரசம் மட்டும் வைத்தவள்.

அவள் பாடுவாள். மேடையில் அல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, சாமி ரூமில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முருகன் மேல் நாலு பாட்டு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. யாருக்கும் பாடிக் காட்டியதும் இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து, பிரசவத்துக்குப் போன நாட்களைத் தவிர, அன்று வரை நின்றதில்லை. நான் உட்கார்ந்து கேட்டதுமில்லை. வேலை பார்த்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வதுதான்.

கழுத்தில் கட்டி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. ரவிக்கை போடும்போது கழுத்து இறுக்குகிறது என்று டெய்லரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தால் தைராய்டு. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார்.

“குரல் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் போகுது. கவனமாத்தான் பண்ணுவோம். இருந்தாலும் குரல் மாறலாம். சில பேருக்கு மாறினது மாறினதுதான்.”

மயிலா அப்போதே கேட்டாள், “பேசறதுக்கு வருங்களா?”

“பேச்சு வந்துரும்மா.”

“அப்பச் செரிங்க” என்று எழுந்துவிட்டாள். பாட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. வீடு வரும் வரை நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பயப்பட்டேனா, வெள்ளிக்கிழமைக்குப் பயப்பட்டேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் திவ்யா போனில் சொன்னாள். “அம்மா பாடறத ஒழுங்கா ரெக்கார்டு பண்ணி வெச்சிருங்கப்பா. போன்ல வேண்டாம், நல்ல மைக் வாங்குங்க. முடிஞ்சா வீடியோ கேமராவும் வாங்கிருங்க.”

நல்ல ஸ்டூடியோ ஒன்றைப் பிடிக்கலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மயிலா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். சாமி ரூமை விட்டு வேறு எங்கேயும் அவள் வாயைத் திறக்க மாட்டாளாம்.

தொட்டுப் பார்க்கிற ஜாதி

பனியன் தொழிலில் ஊறிய எங்கள் ஊர்க்காரர்களை மின்சாரச் சாமான் கடைக்குள் விடவே கூடாது. எதைக் கண்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். துணியை அப்படித்தான் பார்க்கிறோம். துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்று ஒரு கணக்கில் சொல்வது தொழில் வழக்கம். விரலில் பிடித்தால் போதும், நூற்று அறுபதா நூற்று எண்பதா என்று சொல்லிவிடுவோம். அந்தத் திமிர் கடைக்குக் கடை கூடவே வரும்.

முதல் தடவை போனபோது கீழ்த்தளத்தில் கேமராக்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது நல்லது, லேசாக இருந்தது மட்டம். அவ்வளவுதான் என் அறிவு. ஆனால் லேசாக இருந்ததற்குத்தான் விலை அதிகம் சொன்னார்கள். உலகம் தலைகீழாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மயிலாவுக்குப் போன் போட்டேன்.

“கேமரா எதுக்குங்க? என்ற பாட்டக் கேக்கோணுமா, இல்ல கழுத்துக் கட்டியப் படம் புடிச்சு மாட்டோணுமா?”

கேமராவை வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன்.

அங்கேதான் ஐசக். யார் பாடுவார்கள், எங்கே பாடுவார்கள், எப்படிப் பாடுவார்கள் என்று கேட்டார். மெல்லிசான குரல், சின்ன ரூம் என்றேன். நுணுக்கமான சத்தத்தையெல்லாம் இழுக்கும் மைக் ஒன்றைக் காட்டினார். ஊசி விழுந்தாலும் பிடிக்குமாம். பிடிக்கட்டும், நமக்கு அதுதானே வேண்டும் என்றேன். அந்த வாயால்தான் பிறகு அவ்வளவு அலைந்தேன்.

எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகையையும் காட்டினார். விரலில் பிடித்துப் பார்த்தேன்.

“இது எத்தன ஜிஎஸ்எம்முங்க?”

“என்னது அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்லீங்க. இது வேண்டாம். எங்கூர்ல கட்டிங் வேஸ்ட் மலையாட்டம் கெடக்குது.”

பனியன் வெட்டியதில் மிஞ்சும் துண்டுத் துணிதான் கட்டிங் வேஸ்ட். வீட்டுக்கு வந்ததும் அதைச் சாக்குகளில் திணித்துச் சாமி ரூம் சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டேன். நடுவில் முருகன் படம் மட்டும் தெரிந்தது.

மயிலா வாசலில் நின்று பார்த்தாள். “சாமி ரூமுங்களா இது, வேஸ்ட் குடோனுங்களா?”

“ரெண்டு வாரம் பொறுத்துக்கோ.”

“நான் பொறுத்துக்குவேன். அவரு பொறுக்கோணுமே” என்று முருகனைக் காட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை மைக்கைப் போனில் சொருகி வைத்துவிட்டு வெளியே வந்து, அவள் பாடியதைப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் பாட்டுக்கு அடியில் ‘கொர்ர்ர்’ என்று ஒரே இழுப்பு. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. மைக் பழுது என்று முடிவு கட்டி, சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஐசக் வேறு மைக் கொடுத்தார். அதிலும் கொர்ர்ர். வயர் மாற்றிக் கொடுத்தார். கொர்ர்ர். ஒரு தடவை போனில் விளக்கம் கேட்டார்.

“ரூம்ல பேன் ஓடுதா அண்ணாச்சி?”

“இல்லீங்க.”

“பிரிட்ஜ் எதுவும்?”

“அது சமையக்கட்டுல இருக்குதுங்க.”

“சரி, ஏன் இப்படிக் கத்துதீய? எனக்கு நல்லா கேக்கு.”

நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினேன். எங்கள் வீதியில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம்.

ஹெட்போனில் வந்தது

இப்போது அந்த ஸ்டூலுக்குத் திரும்பி வருகிறேன்.

ஐசக் தண்ணீர் கொடுத்தார். என் போனில் இருந்த பதிவை வாங்கி லேப்டாப்பில் ஏற்றி, பெரிய ஹெட்போன் ஒன்றை என் காதில் மாட்டினார். “கண்ண மூடிக் கேளுங்க. பாட்ட விட்டுருங்க. பின்னால உள்ள சத்தத்த மட்டும் கேளுங்க” என்றார்.

கண்ணை மூடினேன். மயிலா பாடினாள். அடியில் அந்த இழுப்பு. கொர்ர்ர். கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் ‘டக்’ என்று ஒரு சின்ன இடறல். மறுபடி கொர்ர்ர். மறுபடி டக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக்.

அந்த டக்கை எனக்குத் தெரியும். ஒரு வருடமாக மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் பேரிங் அது. எங்கள் ரெண்டாம் நம்பர் மெஷின்.

படிக்கிற உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் ஜாப் ஒர்க்குக்கு நிட்டிங் ஓட்டுகிறவன். பார்ட்டி நூல் கொடுப்பார், நான் துணியாக ஓட்டிக் கொடுப்பேன். நாலு வட்ட மெஷின். வீட்டை ஒட்டித்தான் ஷெட். சாமி ரூமுக்கும் ரெண்டாம் நம்பருக்கும் நடுவில் ஒரே சுவர். அது ராத்திரி பகலாக ஓடுகிறது. வீதியில் எதிர்ப்புறம் பாத்திரப் பட்டறை, அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு நிட்டிங். இதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, எங்கூட்ல என்னுங்க சத்தம் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. கரண்டு போய் மெஷின் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். ஓடுகிற வரைக்கும் அது காதில் விழுவதே கிடையாது.

ஹெட்போனைக் கழற்றினேன்.

“என்ன அண்ணாச்சி?”

“மைக் நல்லாத்தானுங்க இருக்குது. அது எம்பட மிசினு.”

ஐசக் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். சாப்ட்வேரில் அந்தச் சத்தத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். முயன்று பார்த்தார். மெஷின் சத்தம் போனது. கூடவே மயிலாவின் குரலிலும் பாதி போய்விட்டது. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி கேட்டது.

“ரெண்டும் ஒரே எடத்துல கெடக்கு. ஒண்ண எடுத்தா இன்னொண்ணும் வந்துருது” என்றார். “மெஷின நிப்பாட்டிப் பாடச் சொல்லுங்க. வேற வழி இல்ல.”

இதற்கு ஒரு மாதம், இத்தனை பஸ். திரும்பி வரும்போது அவிநாசியைத் தாண்டும் வரை நான் கண்ணையே திறக்கவில்லை. அவ்வளவு அலுப்பு.

ஞாயிற்றுக்கிழமை

மெஷினை நிறுத்துவது ஸ்விட்சை அமுக்குகிற வேலை மட்டும் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினால் துணியில் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். சாயம் ஏறிய பிறகு அது பல்லைக் காட்டும், பார்ட்டி ரோலைத் திருப்பிவிடுவார். எனவே நாலு மெஷினிலும் ரோல் முடிகிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும்தான் அப்படிச் செய்வோம். அடுத்த நாள் டெலிவரி சொல்லியிருந்தேன். தள்ளிப்போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபரேஷனுக்கு அந்த வாரம் நாள் குறித்திருந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் இல்லை.

மெஷின் ஓட்டும் முகேஷ், பீகாரிலிருந்து வந்தவன், கடைசி ரோலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். “மாலிக், சப் பந்த்?” முதலாளி, எல்லாத்தையும் நிறுத்தவா என்கிறான்.

“எல்லாம் பந்த். நீ போய்ச் சாப்டுட்டு வா.”

பாத்திரப் பட்டறைக்கு விடுமுறை. அடுத்த நிட்டிங்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன், அவரும் ஒரு மணி நேரம் நிறுத்தினார். வீதியில் ஒரு சைக்கிள் போவது கேட்டது. எங்கோ குக்கர் விசில். என் காதுக்குள்ளேயே ஒரு ரீங்காரம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மயிலா குளித்து, பட்டுச் சேலை கட்டி, விளக்கேற்றி உட்கார்ந்தாள். மைக்கை வைத்தேன். கை காட்டினேன்.

ஆரம்பித்தாள். ஒரு வரி. நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு மாதிரி ஆரம்பித்தாள். மேலே போய் எட்டவில்லை. மறுபடி நிறுத்தி, கீழே ஆரம்பித்தாள். சொல் எல்லாம் சரியாக இருந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

“கூச்சமா இருக்குதா? நான் வெளிய போயிடட்டா?”

“கூச்சமெல்லாம் இல்லீங்க.”

“வலிக்குதா?”

“இல்லீங்க. எங்க புடிச்சு ஆரம்பிக்கறதுன்னு தெரீல.”

திவ்யாவுக்குப் போன் போட்டேன். போனிலேயே சுருதிப்பெட்டி இருக்கிறது, போடுங்கள் என்றாள். போட்டேன். மயிலா சற்று நேரம் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

“இத அமத்துங்க. வேற ஆரு ஊட்டுலயோ உக்காந்திருக்கற மாதிரி இருக்குது.”

பிறகு சுவரைப் பார்த்தாள். சாக்குகளுக்கு அந்தப் பக்கம், ஷெட்டுப் பக்கம்.

“அந்த ரெண்டாம் நம்பர ஓட்டச் சொல்லுங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “என்ன புள்ள வெளையாடற? அந்தச் சத்தத்துக்குத்தான கோயமுத்தூருக்கும் இங்கயும் நாயா அலைஞ்சேன்? அத்தன மிசினையும் நிறுத்திப் போட்டு உக்காந்திருக்கறேன். எதுக்கு? எல்லாம் எனக்கா?”

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அதுலதாங்க நான் புடிச்சு ஆரம்பிப்பேன். வந்த நாள்லருந்து அப்படித்தான். அது இல்லாம எனக்குப் பாட வராதுங்க.”

முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சுவருக்கு அப்பால் ரெண்டாம் நம்பர் என்று ஒரு மெஷின் எனக்குத் துணி ஓட்டியிருக்கிறது. நடுவில் பழையதை விற்றுப் புதிதாக ஒன்றை அதே இடத்தில் நிறுத்தினேன். அப்போது சில வாரம் அவள் சரியாகப் பாடாமல் இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதோ மனக்குறை என்று நினைத்து ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். சேலையை வாங்கிக்கொண்டாள், எதுவும் சொல்லவில்லை.

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். முகேஷ் சாப்பிடப் போயிருந்தான். நூல் மாட்டி நானே ஓட்டினேன். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது, பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாமி ரூமுக்குள் காலடி வைப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டிருந்தது. நாலு பாட்டும் பாடினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த டக். முதல் தடவையாக நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

வேகம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போய்விட்டது. குரலும் கூடவே போயிற்று. சில வாரம் காற்று மட்டும்தான் வந்தது. நாலு மெஷினுக்கு நடுவில் காதைத் தேய்த்தவன் நான், அவள் கிசுகிசுப்பது எனக்கு விளங்கவில்லை. பூஜை மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். சாப்பிட ஒரு மணி, மாத்திரைக்கு ஒரு மணி.

அந்த நாட்களில் ஹெட்போனை எடுத்து ஒரு தடவை அந்தப் பதிவைக் கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்து அறையில் அவள் உயிரோடு இருக்கும்போது, இல்லாதவளின் குரலைக் கேட்பது போல இருந்தது. மைக்கைப் பனியன் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆடி மாத வாக்கில் பேச்சு வந்தது. பழைய குரல் இல்லை. கொஞ்சம் இறங்கிய, கரகரத்த குரல். முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஷெட்டு வாசலில் நின்றேன். ஆரம்பித்தாள், எட்டவில்லை. இருமல் வந்தது. மறுபடி முயன்றாள். பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். விளக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டதும், ரெண்டாம் நம்பர் மெஷினின் பேனலைத் திறந்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு உண்டு. கொஞ்சம் குறைத்தேன். இழுப்பின் சுருதி ஒரு படி இறங்கியது. உள்ளே அமைதி. இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

முகேஷ் ஓடி வந்தான். “மாலிக், கம்ப்ளைன்ட்?”

“ஒண்ணுமில்லப்பா. இப்பிடியே ஓடட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வரி வந்தது. தாழ்ந்த குரல். ஆனால் பிடித்த இடத்தில் நின்றது.

அன்றிலிருந்து வாரா வாரம் அப்படித்தான். துணியில் கோடு விழாமலிருக்க, அந்த நேரத்துக்கு ரோல் மாறும்படி முகேஷ் பார்த்துக்கொள்கிறான். நான் மயிலாவிடம் எதுவும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பார்ட்டி மட்டும் போன வாரம் போன் போட்டார்.

“ஏனுங்க, வெள்ளிக்கெழமயானா உங்க புரொடக்‌ஷன் எறங்குதே, என்னாச்சுங்க?”

“ரெண்டாம் நம்பருக்கு ஒரு சின்ன ஆபரேசனுங்க. இனிமே மெதுவாத்தான் ஓடும்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மயிலா காபி டம்ளருடன் பின்னால் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“ஏனுங்க” என்றாள். “அடுத்த வாரம் இன்னுஞ் சித்தெ கொறச்சு வெய்யுங்க. மூணாவது பாட்டுக்கு எட்ட மாட்டேங்குது.”

வைக்கிறேன் என்றேன்.